மாவு இழுத்த சாட்சி

இதில் வரும் பெயர்களை மாற்றிவிட்டேன். த்ரீனா ஆற்றங்கரையில் எந்த ஊர் என்றும் சொல்லப்போவதில்லை, தேடிக்கொண்டு வராதீர்கள். மாவு மட்டும் அசல்.

முனேவெரா எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரி. பீட்டா என்கிற சுருள் பலகாரத்துக்கு மாவு இழுப்பதில் அவளை மிஞ்ச போஸ்னியாவில் ஆள் பிறக்கவில்லை. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, பிசைந்த உருண்டையை நடுவில் வைத்து, புறங்கைகளை அடியில் கொடுத்து நாலு பக்கமும் இழுப்பாள். ஓரம் வந்ததும் சுண்டுவிரலால் இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டு வேறு எவளுக்கும் கிடையாது. மாவு அவ்வளவு மெலிதாக வரும். அதன் வழியே தபால்காரர் தந்தி படித்தார், ஒரு ஈ அதன்மேல் உட்கார்ந்து மறுபக்கம் விழுந்தது என்றெல்லாம் சொல்வார்கள். ஈயை நானே பார்த்தேன்.

போர் வந்த தொண்ணூற்றிரண்டில் செர்பியப் படை ஊர் முஸ்லிம்களைப் பிடித்தபோது அவள் புருஷன் இப்ரோவையும் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் அடைத்தார்கள். அங்கிருந்து பேருந்தில் ஏற்றிப் போன முப்பத்தொரு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஏற்றும்முன் பெயர் வாசித்தவன் அதே பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியன் ஸ்லாவ்கோ. பெயர்களை வகுப்பின் வருகைப் பதிவேட்டிலேயே எழுதி வைத்திருந்தான். ரொட்டி கொடுக்கப் போய் வேலியோரம் நின்ற முனேவெரா, தன் புருஷன் பள்ளிப்பிள்ளை போல "உள்ளேன்" என்று சொன்னதைக் காதால் கேட்டாள்.

எட்டு வருஷம் அகதியாக அலைந்துவிட்டு, பாதி எரிந்த தன் வீட்டுக்கே திரும்பினாள். அடுத்த வீட்டில் ராதோய்கா. செர்பியக்காரி, போதாததற்கு ஸ்லாவ்கோவின் சொந்தச் சித்தி. இருவரும் வேலிக்கு இருபுறமும் நின்று காப்பி குடிப்பார்கள். வெங்காயம், முழங்கால் வலி, மருமகன்களின் லட்சணம் எல்லாம் பேசுவார்கள். போர் என்ற சொல் மட்டும் வேலியைத் தாண்டியதில்லை.

மூன்று வருஷம் கழித்து ஸ்லாவ்கோ பிடிபட்டு, ஹாலந்தில் சர்வதேச நீதிபதிகள் முன் நின்றான். முனேவெராவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். பெயருக்குப் பதில் ஓர் எண், முகத்துக்குப் பதில் கட்டங்கட்டமாய் ஒரு மங்கல், குரலுக்குப் பதில் பீப்பாய்க்குள்ளிருந்து வரும் குரல். அதை நம்பித்தான் சம்மதித்தாள். சாட்சி சொல்லப் போகிறாள் என்று வெறும் பேச்சுக் கிளம்பியதற்கே பக்கத்து ஊரில் ஒருத்தியின் தொழுவம் எரிந்திருந்தது. ஸ்லாவ்கோவின் கூட்டாளிகள் ஊர்க் காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனித்சாவில் தங்கை வீட்டுக்குப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

விசாரணையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காப்பிக்கடையில் நானும் இருந்தேன், ராதோய்காவும் இருந்தாள். மங்கிய முகம் பேசிக்கொண்டே வந்தது. பதிவேட்டைச் சொல்லும் இடத்தில் குரல் நின்றுவிட்டது. கைகள் மட்டும் அசைந்தன. அந்த மேசைமேல் இல்லாத ஒரு மாவை நடுவிலிருந்து மெல்ல இழுத்தன. ஓரத்தில் சுண்டுவிரல். இரண்டு தட்டு.

அங்கிருந்த ஒவ்வொரு வயிறும் அந்தக் கைகளை அறியும்.

ஸ்லாவ்கோவின் கூட்டாளி மிலோராத் எழுந்தான். "இந்தக் கை எனக்குத் தெரிஞ்ச கை."

"என்னடா தெரியும் உனக்கு?" ராதோய்கா திரும்பக்கூட இல்லை. "அடுப்படிப் பக்கம் போயிருக்கியா? மாவு இழுக்கறவ எல்லாம் இப்படித்தான் இழுப்பா. யார நெனச்சுச் சொல்றே, முனேவெராவையா? அவ இப்பத்தான் ஜெனித்சாலேர்ந்து போன் பண்ணினா. தங்கச்சி வீட்டுக் கோழிக்குச் சீக்காம். உருளறது என் அக்கா மகன் தலை. எனக்கு வராத சந்தேகம் உனக்கு வருதோ?"

ஸ்லாவ்கோவின் சித்தியே சொன்னபின் யார் என்ன பேச முடியும்? மிலோராத் உட்கார்ந்துவிட்டான்.

நாலு நாள் கழித்து முனேவெரா வந்தாள். யாருக்கும் தெரியாது என்ற நிம்மதியோடு வேலியோரம் போனாள். அங்கே நடந்ததைப் பிற்பாடு அவளே எனக்குச் சொன்னாள்.

"வாடி, பக்கத்து வீட்டுக்காரி. கோழிக்கு எப்படி இருக்கு?"

"எந்தக் கோழி, அக்கா?"

"உன் தங்கச்சி கோழி. சீக்குன்னு நீதானே போன்ல சொன்னே? யாராவது கேட்டா மறந்துடாதே. இனிமே நாலு பேர் பாக்கற இடத்துல கையை மடியில வச்சுக்க."

முனேவெரா வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவன் நீங்க தூக்கி வளத்த பிள்ளையாச்சே."

"ஆமா. அவங்கள பஸ்ஸுல ஏத்தின அன்னிக்கு மத்தியானம்கூட என் வீட்டுலதான் சாப்பிட்டான். அந்தப் பதிவேட்ட மேசை மேல வச்சிருந்தான். சூப்பு வைக்க எடமில்லன்னு நான்தான் நகத்தினேன். திறந்தும் பாத்தேன். இப்ரோ பேரு பதினேழாவது."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஓடி வந்து ஒரு வார்த்தை சொல்லலியே, அக்கா."

முனேவெரா காப்பிக் கிண்ணத்தை வேலிமேல் வைத்துவிட்டு உள்ளே போனவள், குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கம் வரவில்லை. மாவும் இழுக்கவில்லை. கடையில் ரொட்டி வாங்கித் தின்றாள்.

பனி உருகியதும் ராதோய்கா வியன்னாவிலிருக்கும் மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வாரமே தொலைக்காட்சியில் புதிய சாட்சி. புதிய எண், அதே மங்கல், அதே பீப்பாய்க் குரல். சாட்சி சொல்லி முடியும்வரை இரண்டு கைகளும் மேசைக்கு அடியிலேயே இருந்தன.

"பதினேழாவது பேர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றது குரல்.

அன்று முனேவெராவும் காப்பிக்கடைக்கு வந்திருந்தாள். மிலோராத் கடையைச் சுற்றிப் பார்த்தான். "நம்ம ராதோய்கா எங்க? ஆளையே காணோம்?"

கடை முழுவதும் முனேவெராவைப் பார்த்தது. அவள் சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருந்தாலும் போதும், ராதோய்கா மாட்டியிருப்பாள். சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் நனைத்தாள், கடித்தாள், ஒரு வாய் குடித்தாள்.

"வியன்னாவுலதான். இப்பத்தான் என்கிட்ட போன்ல பேசினா. பேத்திக்குச் சின்னம்மையாம்."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வைத்தாள். நான் அவள் கைகளைப் பார்த்தேன். மடியில் இருந்தன.