சாய்தளம் கேட்டவள்

நயினாதீவில் என் அயலவள் பரமேஸ்வரிக்குச் சக்கர நாற்காலிதான் கால்கள். "படகிலை என்னை மூட்டை மாதிரித் தூக்கி ஏத்துறாங்கள். வெக்கமாக் கிடக்கு அண்ணை" என்று ஒருநாள் அழுதாள்.

நான் ஓய்வுபெற்ற நிர்வாக அலுவலர். யாருக்கு எழுதினால் யார் பதறுவார் என்பது மனப்பாடம். துறையிலிருந்து நாற்காலி படகுக்குள் உருண்டேறச் சாய்தளம் கேட்டு விடாமல் எழுதினேன். கடைசியில் அதிகாரி ஒருவர், நாங்கள் தீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கே வந்தார். அவளும் நானும் அங்கே காத்திருந்தோம்.

"ஏறுறது கஷ்டமோ அம்மா?" என்று பரமேஸ்வரியிடம் கேட்டார்.

படகுக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"ஒரு கரைச்சலும் இல்லை ஐயா. தம்பிமார் தங்கமாய் ஏத்துவினம்."

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"என்னை ஏன் பொய்யனாக்கினீர்?"

"அவர் போயிடுவார் அண்ணை. இப்ப என்னைத் தூக்கப்போறது இவங்கள்தானே."

தூக்கினார்கள். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மடித்த நாற்காலியுடன் பின்னால் ஏறிய நான், வீடு சேரும்வரை அவளோடு பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. யார் மீது என்பதுதான் இப்போது தெளிவாக இல்லை.