கமாவுக்கு எந்தக் கால் பாக்கி?

நீங்கள் கையெழுத்துப் போட்ட எந்தக் காப்பீட்டுப் பத்திரத்தையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். நானும் படித்ததில்லை. ஆனால் ஒரு பத்திரத்தை மூன்று முறை, ஓர் எழுத்து விடாமல் படித்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபத்தாறு வருட சர்வீஸ். அங்கே எல்லோரும் அவரை ரிவர்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி வந்து, முதல் சொல்லில் முடிப்பார். முன்னாலிருந்து படித்தால் மனசு விஷயத்துக்குள் நுழைந்துவிடும், கண் பிழையைத் தாண்டிப் போய்விடும் என்பது அவர் கட்சி. தொழிலில் அது சரிதான். வங்கிப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், பள்ளிப் பாடநூல் என்று ஊரின் பாதிக் காகிதம் அவர் கண்ணுக்குக் கீழே போயிருக்கிறது. ஒன்றிலும் பிழை இருக்காது. அதில் என்ன சொல்லியிருந்தது என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்.

மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் சீட்டு எழுதுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டுவதும் அவர் வேலை. வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கூடவே ஏழு வயது நாய் ஒன்று. வால் சுருண்டிருப்பதால் அதற்குக் கமா என்று பெயர்.

ஒருநாள் கமா இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டது. பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மேலே இருக்கும் படிகளைப் பார்த்தது. பிறகு இவரைப் பார்த்தது. கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, வலது முழங்காலில் தசைநார் கிழிந்திருக்கிறது என்றார். இரண்டு மாதத்துக்குள் ஆப்ரேஷன் செய்யாவிட்டால் அந்தக் கால் இனி ஊன்றாது. அவர் சொன்ன தொகை வீட்டில் இருந்தது. பிரிட்ஜ் மாற்றுவதற்காகச் சேர்த்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

செய்தி கேட்டு மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, செல்லப் பிராணிகளுக்குக் காப்பீடு விற்கும் ஒரு கம்பெனியின் ஏஜெண்ட்.

"ஏன் மாமா மொத்தப் பணத்தையும் டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் கொட்டுறீங்க? பாதிய பிரீமியமா கட்டுங்க. ஆப்ரேஷன் செலவ கம்பெனி பாத்துக்கும். மீதி உங்களுக்கு மிச்சம். தள்ளுபடி சனிக்கிழமை வரைக்கும்தான்."

காப்பீட்டு விதிகளும் கையெழுத்துப் போடும் பத்திரமும் சேர்ந்த ஒரு கையேட்டை மேஜைமேல் வைத்தான். அட்டையில் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருந்தது. உங்கள் செல்லம் எங்கள் குடும்பத்தில் ஒருவர் என்று கீழே எழுதியிருந்தது. ரிவர்ஸ் அதைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"இது எங்க அச்சகத்துல அடிச்சது. நான் மூணு தடவ புரூஃப் பாத்த புத்தகம். அம்பத்தாறு பக்கம், ஒரு தப்பு காட்ட முடியாது யாராலயும்."

"சரிங்க. உள்ள என்ன போட்டிருக்கு?" என்றார் மனைவி.

"நல்ல தாள்."

சனிக்கிழமை காலை மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். கமா மேஜைக்கு அடியில். மச்சினன் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தான். கையெழுத்துப் போட ரிவர்ஸ் கையை நீட்டியபோது, மனைவி கையேட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஆஸ்பத்திரி ஜன்னலில் படிக்கும் அதே குரலில் தொடங்கினார்.

"மூட்டு, தசைநார் தொடர்பான சிகிச்சைகளுக்குக் காத்திருப்புக் காலம், காப்பீடு தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம்." நிமிர்ந்தார். "டாக்டர் ரெண்டு மாசம்னாரு."

"அது எல்லாருக்கும் பொதுவா எழுதுறதுதான், அக்கா."

"எங்க கமாவுக்குத் தனியா எழுதித் தருவாங்களா?"

மச்சினன் தண்ணீர் குடித்தான். மனைவி அடுத்த பக்கம் போனார்.

"காப்பீடு தொடங்குமுன் உரிமையாளர் கவனித்த, அல்லது கவனித்திருக்க வேண்டிய எந்த நோய்க்கும் இழப்பீடு இல்லை. ஏன்டா, நான் எத கவனிச்சிருக்கணும்னு உன் கம்பெனிக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் ஃபைல கேப்பாங்க."

"ஃபைல்லதான் வலது கால்னு கொட்டை எழுத்துல இருக்கே."

"சரிக்கா, வலது கால விடு. நாளைக்கு இடது கால் போனா? அதுக்காவது ஆகும்ல?"

அவர் விரலால் வரியைத் தேடினார். "இருபுறமும் அமைந்த உறுப்புகளில் ஒன்றில் ஏற்பட்ட நோய், மறுபுற உறுப்பிலும் முன்பே இருந்ததாகக் கருதப்படும்."

பழைய பிரிட்ஜ் உறுமியது. அவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"அப்ப கமாவுக்கு எந்தக் கால்டா பாக்கி?"

"முன்னங்கால் ரெண்டும் இருக்கேக்கா."

தம்பி திருடினால் அண்ணனையும் பிடித்து உள்ளே போடும் நியாயம் இது. மனிதருக்கு இப்படி ஒரு சட்டம் எழுதினால் தெருவில் இறங்குவோம். நாய்க்கு எழுதினால், பொடி எழுத்தில், நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதினால், கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றியும் சொல்கிறோம்.

"இந்த மாசம் இன்னும் ரெண்டு பாலிசி முடிக்கணும்கா" என்றான் மச்சினன், தலையைக் குனிந்துகொண்டு.

"அதுக்கு என் வீட்டு நாய்தான் கிடைச்சுதா?"

"சத்தியமா நான் இத முழுசா படிச்சதில்ல."

அவன் சொன்னது உண்மை. கம்பெனி அவனுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தது. எப்படிச் சிரிக்க வேண்டும் என்பது காலையில். தள்ளுபடி முடிகிறது என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்பது மதியத்துக்கு மேல். நாற்பத்தோராம் பக்கத்துக்கு நேரம் இல்லாமல் போயிற்று. அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் எந்த வீட்டு மேஜைக்கும் வந்து உட்காருவதில்லை.

ரிவர்ஸ் கையேட்டை வாங்கினார். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக ஒரு பக்கத்தை முன்னாலிருந்து படித்தார். உதடு அசைந்தது.

"இந்த வரியில ஒரு எழுத்து விட்டுப்போயிருந்துச்சு" என்றார் மெதுவாக. "நான்தான் போட்டேன்."

பேனாவை எடுத்து மூடி, மச்சினனின் சட்டைப் பையில் செருகினார்.

காப்பீடே மோசடி என்று நான் சொல்லவில்லை. எதிர்வீட்டு வாத்தியார் தன் நாய்க்குட்டிக்கு இதே கம்பெனியில்தான் போட்டிருக்கிறார். அது ரப்பர் பந்தை விழுங்கியபோது ஆப்ரேஷன் செலவில் பெரும்பகுதி வந்தது. குட்டி ஆரோக்கியமாக இருந்தது, ஃபைல் வெறுமையாக இருந்தது, திடீர்ச் செலவு ஒன்று வந்தால் தாங்க அவரிடம் சேமிப்பு இல்லை. அவருக்கு அது லாபம். இன்னும் வராத ஆபத்துக்குத்தான் காப்பீடு. வந்துவிட்ட நோயைக் காட்டி அதை விற்பது, முழுக்க நனைந்தவனிடம் குடை விற்பது.

செவ்வாய்க்கிழமை கமாவுக்கு ஆப்ரேஷன் நடந்தது. ஆறு வாரம் ரிவர்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. ஏழாவது வாரம் கமா நான்கு கால்களையும் ஊன்றி, தானாகப் படியேறியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவருக்காகக் காத்திருந்தது. பிரிட்ஜ் இன்னும் உறுமுகிறது.

அதே கையேட்டின் புதிய பதிப்பு அச்சகத்துக்கு வந்தது. இவர் நாற்பத்தோராம் பக்கத்தின் ஓரத்தில், "படிப்பவருக்குப் புரியுமா?" என்று எழுதி அனுப்பினார். முதலாளி கூப்பிட்டார்.

"உங்களுக்கு எழுத்துக்குத்தான் சம்பளம். அர்த்தத்துக்கு இல்ல."

கையேடு அப்படியே வெளிவந்தது. ஒரே மாற்றம், எழுத்து இன்னும் கொஞ்சம் பொடியாகியிருந்தது. ரிவர்ஸ் இப்போதும் அச்சகத்தில் பின்னாலிருந்துதான் படிக்கிறார். அது முடிந்ததும் இன்னொரு முறை முன்னாலிருந்து படிக்கிறார். அதற்குச் சம்பளம் கிடையாது.

உங்கள் அலமாரியிலும் அப்படியொரு கையேடு இருக்கும். நாய்க்கோ, பூனைக்கோ, உங்களுக்கேயோ. இன்றைக்கே எடுங்கள். வீட்டில் ஒருவரை எதிரே உட்கார வைத்து, உரக்க, முதல் வரியிலிருந்து படியுங்கள். விற்க வந்தவரே எதிரில் இருந்தால் இன்னும் நல்லது. புரியாத வரியில் நிறுத்தி, எந்தக் கால் பாக்கி என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.