ஒரு கை தொட்டால் செல்லாது

திருவட்டாறு டீக்கடையில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். டிவியில் உலகப் போட்டி, ஆண்களுக்கான தவளை நீச்சல். முதலில் வந்தவனைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டுமாம். அவன் ஒரு கையால் தொட்டுவிட்டானாம். அலையில்லாத தொட்டித் தண்ணீரில் நீந்துவதற்கு இத்தனை சட்டம்! நடுவரோ கொலைக்குற்றத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி விறைத்து நிற்கிறார்.

மீன் கூடையைக் காலடியில் வைத்து டீ குடிக்கும் கடற்கரை அக்கா கேட்கிறார்: "என்னத்துக்கு மக்கா அவனத் தள்ளிட்டானுவ?"

சொல்கிறேன்.

"கொள்ளாம், நல்ல சட்டம்," என்று டிவியைப் பார்த்து உதட்டைச் சுழிக்கிறார். "கடல்ல வள்ளம் தலகீழா மறிஞ்ச அன்னைக்கு எனக்க வீட்டுக்காரரும் ஒரு கையாலதான் வள்ளத்தப் பிடிச்சாரு. மத்த கையில அவருக்க தம்பி கெடந்தான். அவரையும் தள்ளுவானுவளா?"