நாலாவது மூலைப் பூட்டு

திகனவில் ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் அழகையாவுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை: லொறியில் ஏற்றிய கொள்கலனின் நான்கு மூலைகளையும் பூட்டுவது. கைப்பிடியைத் திருப்புவார், சுத்தியலால் இரண்டு அடி, பிறகு கைப்பிடி தானாகத் திரும்பாமலிருக்கக் கம்பியால் மூன்று சுற்று. அடியும் கம்பியும் அவருடைய சொந்தச் சேர்க்கை. கடுகண்ணாவை வளைவில் யாரோ பூட்ட மறந்த பெட்டி ஒன்று பள்ளத்தில் கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து அப்படி. வீட்டில் சோற்றுப்பானை மூடியையும் இரண்டு தட்டுத் தட்டித்தான் வைப்பார்.

அவர் மனைவி சீதாவுக்குக் களஞ்சியத்தில் கழித்த பழைய கொள்கலன் பெட்டி ஒன்று கிடைத்தது. மஹய்யாவச் சந்தியில் அதை இறக்கி இடியப்பக் கடை போடுவது என்று ஏற்பாடு. நல்ல நேரம் காலை பத்தே காலுக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில்; அதற்குள் உள்ளே பால் காய்ச்சியாக வேண்டும். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் கடை திறக்கச் சீதா சம்மதிக்கமாட்டாள். ஆவணி வரை காத்திருக்க இடக்காரர் சம்மதிக்கமாட்டார்.

பத்துக்கே லொறி வந்தது, கிரேனும் வந்தது. மூன்று பூட்டுகளை அழகையா மூச்சு வாங்கித் திறந்தார். நாலாவது அசையவில்லை. சுத்தியலால் அடித்தார், இன்னும் இறுகியது. கிரேன்காரர் மெல்லத் தூக்கிப் பார்த்தார். பெட்டியோடு லொறியின் பின்பக்கமும் எழுந்தது.

“அழகையாண்ணே, லொறியையும் சேத்தா கடையா போடப் போறீங்க?” என்று சாரதி ஷிராஸ் ஆசனத்திலிருந்து கத்தினான்.

“ஏங்க, பூட்டுன மனுசனுக்குத் தொறக்கத் தெரியாதா?” என்றாள் சீதா.

“நான் பூட்டுறவன். தொறக்கிறவங்க கொழும்புல இருக்காங்க.”

உண்மைதான். இத்தனை வருடத்தில் அவர் பூட்டைத் திறந்தது அன்றுதான் முதல் தடவை. துறைமுகத்தில் யாரோ திறந்துகொண்டிருந்தார்கள். யாரென்று அவர் கேட்டதில்லை.

பத்தரை ஆனது. சீதா அடுப்பையும் பால்சட்டியையும் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

“இறங்கு புள்ள! லொறி மேல உள்ள பெட்டிக்குள்ள ஆள் ஏறக்கூடாது.”

“நேரம் போகுது. வேணும்னா நீங்க கீழயே நில்லுங்க.”

அழகையா மணியைப் பார்த்தார். “அப்ப ரெண்டு நிமிசம் இரு” என்றவர், சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அவ்வளவு பாடுபட்டுத் திறந்த மூன்று பூட்டுகளையும் மறுபடி பூட்டினார். இரண்டு அடி. மூன்று சுற்றுக் கம்பி.

“இப்ப பத்த வை.”

கிரேன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பத்து நாற்பத்திரண்டுக்குப் பால் பொங்கியது. “கெழக்கால பொங்கிருச்சு!” என்று பக்கத்து வீட்டுச் சுப்பம்மா கீழேயிருந்து கூவினாள்.

“லொறி அந்தப் பக்கந்தான் சாஞ்சிருக்கு, அக்கா” என்றான் ஷிராஸ். யாரும் காதில் வாங்கவில்லை.

கடை திறந்துவிட்டது, லொறியின் மேல். முதல் இடியப்பத்தை ஷிராஸ் ஏணியில் நின்றபடி தின்றான். பிறகு துறைமுகத்துக்கு அலைபேசியில் அழைத்து, இந்தப் பூட்டுகளைத் திறக்கிறவர் யாரென்று விசாரித்து, வரச் சொன்னான். பின்னேரம் மூன்று மணிக்குக் கொழும்பு பஸ்ஸில் நஸீம் என்ற நரைத்த தாடிக்காரர் வந்து இறங்கினார். கையில் ஆளுயர இரும்புக் குழாய்.

“திகனயில கம்பி சுத்துற ஆள் நீங்கதானா?”

“ஆமாங்க.”

“மத்த ஊர்ப் பெட்டி எல்லாத்துக்கும் கை போதும். இந்தக் குழாய் உங்கட பெட்டிக்கெண்டே செஞ்சது. அந்த முகத்த ஒருக்காப் பாக்கோணும் எண்டுதான் லீவு போட்டு வந்த.”

கைப்பிடிகளில் குழாயைச் செருகி அவர் நெம்ப, நான்கு பூட்டுகளும் ஒன்பது நிமிடத்தில் திறந்தன. பெட்டி தரையில் இறங்கியது. நஸீமுக்குச் சீதா இரண்டு தட்டு இடியப்பம் வைத்தாள்.

அழகையா சுத்தியலோடு பெட்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மூலையிலும் குனிந்து பார்த்தார். பூட்ட ஒன்றுமில்லை. கடை வாசலில் வந்து நின்றார்.

“இது நகராதுல்ல, புள்ள?”

“அது நகராது. நீங்க நகருங்க, ஆளுங்க வாங்க நிக்கிறாங்க.”