அடுக்குமாடி முற்றத்தில் வளர்ந்த நாற்று

வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்களைத் தஞ்சாவூருக்கு வெளியே, புறவழிச்சாலையைத் தாண்டிக் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடிவைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பிழைப்புக்கு வழி செய்து கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்றில் நான் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்பேன். பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடுவேன். பெண்களைக் குழுவாகச் சேர்த்து வங்கிக்கு அழைத்துப் போவேன். அவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் குடும்பம் நடத்த வேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம்.

குறை சொல்ல முடியாத வீடுகள்தான். ஒழுகாத கூரை, உள்ளேயே குளியலறை, கழிவறை. ஆனால் பிழைப்பு ஊருக்குள் இருந்தது. விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு, இங்கிருந்து முதல் பஸ் பிடித்துப் போவதற்குள் நேரம் கடந்துவிடும். பலருக்கு அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. நாங்கள் தையல் வகுப்பு நடத்தினோம். சிலர் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது மாடியில் இருந்த ஓர் அக்கா ஒரு வாரம் வந்துவிட்டு நின்றுவிட்டார். நாற்பது வயதைத் தாண்டியவர். கணவர் கொத்தனார்; சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து பாரம் தூக்க முடியாமல் இருந்தார். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஏன் வரவில்லை என்று கேட்கப் போனேன்.

"ஒரே எடத்துல குனிஞ்சு உக்காந்து செய்யற வேலை எனக்கு ஒத்து வரல மேடம்," என்றார்.

"வேற என்ன வேலை தெரியுங்க உங்களுக்கு?"

"நடவுதான். பாவாடை கட்டுன வயசுலேருந்து சேத்துலதான் நின்னேன். இப்ப எல்லாம் மெஷின் வந்துடுச்சு. எங்களை யாரு கூப்புடுறா."

அதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். என் அண்ணன்தான் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். குறுவைப் பயிருக்கு நடவு மெஷின் சொல்லியாகிவிட்டது, நாற்றுதான் கிடைக்கவில்லை என்று அலைந்துகொண்டிருந்தார். அந்த மெஷினுக்குச் சாதாரண நாற்று ஆகாது. பிளாஸ்டிக் தட்டில் சலித்த மண்ணும் எருவும் பரப்பி, முளைகட்டிய விதையை நெருக்கமாகத் தூவி வளர்க்க வேண்டும். இரண்டு வாரம் போனால் வேர் பின்னிக்கொண்டு பாய் மாதிரி சுருட்டி எடுக்கலாம். அதை வளர்த்து விற்க அந்தப் பக்கம் போதிய ஆள் இல்லை என்பதுதான் அண்ணனின் குறை. சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு மூன்றாவது மாடி அக்காவின் ஞாபகம் வந்தது.

மறுநாள் போய்ச் சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. தட்டு எவ்வளவு கனம் இருக்கும், தண்ணீர் எத்தனை வேளை தெளிக்க வேண்டும், எலி வந்தால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டார். எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. தன் வயலுக்கு மட்டும் இப்படி நாற்று வளர்க்கும் ஒரு விவசாயியிடம் அழைத்துப் போனேன். ஒரு பகல் முழுக்க அங்கே இருந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில், "பண்ணிப் பாக்கலாம் மேடம்," என்றார்.

எங்கள் மேலதிகாரி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "மாடி வீட்டுல இருக்கறவங்களுக்கு நாத்தாங்கால் பயிற்சியா? தையல், அழகுக்கலை, செல்போன் ரிப்பேர்னு இருக்கே, அதுல எதையாவது குடுங்க," என்றார். ஒரு தடவை பார்க்கலாம் என்று கெஞ்சித்தான் தட்டுகள் வாங்க அனுமதி பெற்றேன். அக்காவோடு இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். கட்டடத்துக்குப் பின்னால் யாரும் புழங்காத இடத்தைச் சுத்தம் செய்து தட்டுகளைப் பரப்பினார்கள். முளை பச்சையாகக் கிளம்பியதும் மாடி வராந்தாக்களில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன்தான் முதல் வாடிக்கையாளர்.

நடவு நாளன்று நானும் போயிருந்தேன். பரம்படித்துச் சமன் செய்து வயல் தயாராக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாற்றுப் பாயைத் தட்டிலிருந்து எடுக்கும்போதே நடுவில் பிய்ந்தது. அடுத்ததும் அப்படித்தான். நாற்று உயரமாக இருந்ததே தவிர வேர் பின்னவில்லை. ஒட்டுப்போட்டு மெஷினில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். போன வழியெல்லாம் இடைவெளி விட்டு விட்டு விழுந்தது. ஓட்டுநர் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் என்னைத் தனியாக அழைத்து, "போனா போவுதும்மா. பேசுன காசைக் குடுத்துடறேன். வேற எடத்துல நாத்துக்குச் சொல்லிக்கறேன்," என்றார்.

வரப்பில் நின்ற அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. கிட்டே வந்தார்.

"வேண்டாங்க. மேடம் உங்க தங்கச்சிங்கறதுக்காகக் குடுக்குறீங்க. நடாத நாத்துக்கு எதுக்குங்க காசு?"

"உழைச்சிருக்கீங்களே," என்றார் அண்ணன்.

"உழைச்சோங்க. சரியா வரல. அடுத்த தடவை சரியா வந்தா வாங்கிக்குங்க."

பிய்ந்த பாய்களையெல்லாம் அந்தப் பெண்கள் திரும்பத் தட்டில் ஏற்றினார்கள். யாரும் அழவில்லை. வண்டியில் திரும்பும்போது, பிழைப்பு தேடிக் கொடுக்கப் போய், இருந்த தெம்பையும் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். குழுவில் இரண்டு பேர் அந்த வாரமே விலகிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள்.

நாற்று ஏன் கெட்டது என்பது பிறகுதான் புரிந்தது. பயிற்சி கொடுத்த விவசாயியை வரவழைத்துக் காட்டினோம். பின்பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் கட்டடத்தின் நிழல் விழுந்துவிடுகிறது. வெயில் தேடி நாற்று மேலே மேலே போயிருக்கிறது, வேர் பிடிக்கவில்லை. வெயில் நன்றாக விழும் இடம் என்றால் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் முற்றம்தான். அங்கேதான் எல்லோரும் வண்டி நிறுத்துவார்கள்.

குடியிருப்போர் கூட்டத்தில் பேசினோம். தரைத்தளத்தில் இருந்த சரக்கு ஆட்டோக்காரர் எழுந்தார்.

"நாங்க வண்டியை எங்க விடுறது? ரோட்டுலயா? நாலு பேரு பொழைக்கறதுக்கு நாங்க எல்லாரும் நவுந்துக்கணுமா மேடம்?"

அவர் கேட்டது நியாயம்தான். நான் திட்டத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"பாதி எடம் போதும்ண்ணே. சம்பா நாத்து வரைக்கும்தான். சரியா வரலைன்னா நானே எல்லாத்தையும் அள்ளிப் போட்டுடறேன்."

ஆட்டோக்காரர் உட்கார்ந்தார். கூட்டம் முடிவில்லாமலே கலைந்தது. ஒரு வாரம் கழித்து நான் போனபோது அவருடைய ஆட்டோ சுவர் ஓரமாகத் தள்ளி நின்றது. "சும்மா விடலை மேடம்," என்றார் என்னிடம். "நாத்து ஏத்திட்டுப் போற வாடகை எனக்குத்தான்னு பேசிக்கிட்டோம்." என்னிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே பேசி முடித்திருந்தார்கள்.

அடுத்த பட்டமான சம்பாவுக்கு நாற்று நன்றாக வந்தது. நடுவில் ஒரு நாள் கனமழை பிடித்தபோது, குழுவில் இல்லாத பெண்கள்கூட இறங்கி வந்து தார்ப்பாயைப் பிடித்தார்கள் என்று அக்காவின் மகள் சொன்னாள். அண்ணன் ஒரு பாயைச் சுருட்டிப் பார்த்து, விரித்துப் பார்த்து, "இப்ப சொல்லுங்க, காசு வாங்கிக்குவீங்களா?" என்றார். அக்கா சிரித்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்த குறுவைக்கு அண்ணன் சொல்லாமலே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள். அக்காவின் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மண் சலித்தார். அக்கா எங்கள் மாதாந்தரக் கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. போன் செய்தால், "வயல்ல நிக்கிறேன் மேடம், சாயங்காலம் பேசட்டுமா?" என்பார். பல சாயங்காலங்களில் அவர் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. நான் வேலைக்கு வந்ததே இதற்காகத்தான் என்று புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின.

பிறகு ஒரு நாள் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். முற்றம் போதவில்லை என்று சாலையோரம் ஒரு திடலைக் குத்தகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார். குடிசையிலிருந்து மாடி வீட்டுக்கு வந்த ஆட்களுக்கு இடம் தர அந்த நிலத்துக்காரர் முதலில் யோசித்தாராம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் வந்து பேசியிருப்பேன்," என்றேன்.

"அதான் சொல்லல மேடம். நானே பேசிப் பாக்கணும்னு இருந்துச்சு. மூணு தடவை நடந்தேன், குடுத்துட்டாரு."

அவருடைய பஸ் வந்துவிட்டது. மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்பதைப் படியில் ஏறிக்கொண்டே சொன்னார். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததும், "வீட்டுக்கு வாங்க," என்று கையை அசைத்தார். நான் சீர்காழி பஸ்ஸுக்காக நின்றேன். அங்கே புதிதாகக் குடிவந்த குடும்பங்களைப் பார்க்கச் சொல்லி எனக்கு வேலை வந்திருந்தது.