இருபத்துநாலாவது ஆட்டம்

இடது கையால் எழுதினால் விரலில் பிரம்பு விழும் என்ற வாத்தியாரை வென்றாள். உனக்கு மட்டை கிடையாது, வேண்டுமானால் பந்து போடு என்று விரட்டிய தெருப் பையன்களை அந்தப் பந்தாலேயே வென்றாள். பெண்களுக்கென்று அணியே இல்லாத பள்ளியில் படித்து, அக்காவின் பழைய ஷூவில் துணி அடைத்து ஓடி, பதினேழு வயதில் மாநில அணிக்குள் நுழைந்தாள். சுண்டுவிரல் ஒடிந்து கோணலாகச் சேர்ந்தபோது, பந்தைப் பிடிக்கும் விதத்தை ஆறு மாதம் உட்கார்ந்து மாற்றி, முன்னைவிட அதிகமாகத் திருப்பினாள். நாட்டுக்காக இருபத்துமூன்று ஒருநாள் ஆட்டங்கள், முப்பத்தொரு விக்கெட்டுகள். முப்பத்திரண்டு என்று ஒரு பத்திரிகை போட்டது. அது தப்பு.

தப்பு என்று சொன்னவள் பெரியவள், அவளுடைய அக்கா. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் தைத்தவள். சின்னவள் போட்ட ஒவ்வொரு பந்தையும் கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தாள். அப்படி எழுதி எழுதியே ஸ்கோரர் தேர்வு எழுதித் தேறி, விடுமுறை நாட்களில் மைதானத்து மேசைக்கு வந்து சேர்ந்தாள்.

இருபத்துமூன்றோடு நின்றதுதான் பெரியவளின் வயிற்றெரிச்சல். இருபத்துநாலாவது ஆட்டத்தைத் தொப்பி தின்றுவிட்டார்.

தொப்பி அப்போது தேசிய அணியின் பயிற்சியாளர். அறைக்குள்ளும் வெள்ளைத் தொப்பியைக் கழற்றாததால் அந்தப் பெயர். 2004 பிப்ரவரியில் நடந்த அந்த ஆட்டத்தில், பதினொரு பேர் பட்டியலில் சின்னவளின் பெயர் இருந்தது. டாஸ் முடிந்து பட்டியல்கள் கைமாறிவிட்டன. அதற்கு மேல் ஓர் ஆளை மாற்ற வேண்டுமென்றால் எதிரணிக் கேப்டன் சம்மதிக்க வேண்டும். தொப்பி நேரே எதிரணிக் கேப்டனிடம் போய், எங்கள் பெண்ணுக்குத் திடீரென்று வயிற்றுவலி, பெரிய மனது பண்ணுங்கள் என்றார். அந்தக் கேப்டன் நல்லவள், நம்பிச் சம்மதித்தாள். சின்னவளின் இடத்தில் இறங்கியவள் தொப்பியின் அண்ணன் மகள்.

பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்த சின்னவளிடம் அவர் வந்து சொன்னது ஒரே வாக்கியம்.

"வயித்துவலின்னு சொல்லியிருக்கேன்மா, கொஞ்சம் குனிஞ்சு நட."

அவள் குனிந்துதான் நடந்தாள். இடைவேளையில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு போனபோது எதிரணிக் கேப்டன் அக்கறையாக வலி எப்படியிருக்கிறது என்று விசாரித்தாள். பரவாயில்லை என்று சின்னவள் சொன்னாள். அந்தப் பரவாயில்லைக்காகத்தான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதன்பின் அவளை யாரும் தேர்வுக்குக் கூப்பிடவில்லை. வயது இருபத்தாறு.

"நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்க வேண்டியதுதானடி, எனக்கு ஒண்ணுமில்லன்னு," என்று பெரியவள் ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்க்கா. நான் முடிக்கல."

நாலு வருடம் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. புது மட்டைகளுக்கு எண்ணெய் தடவி, மரச் சுத்தியலால் தட்டிப் பதப்படுத்துவாள். எட்டு அடி தட்ட வேண்டிய இடத்தில் இருபது அடி தட்டினால் யாரை நினைத்துத் தட்டுகிறாள் என்று பெரியவளுக்குத் தெரியும். பிறகு பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கி, பெண்கள் லீகில் ஒருமுறைகூட இறுதிக்கு வராத அணியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். எட்டு வருடம். கூம்பு நட்டாள், கேட்ச் அடித்துக் கொடுத்தாள், பெண்களின் கட்டைவிரலுக்குப் பட்டி சுற்றினாள். கோணல் விரலை வைத்துப் பந்தை எப்படிப் பிடிப்பது என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அந்த நாலு பேரையும் லீகே பயப்படும் சுழற்பந்து வீச்சாளர்கள் ஆக்கினாள். அணியின் ஸ்கோரராகப் பெரியவளும் உடன் போனாள்.

தொப்பியோ தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்று, லீகின் பணக்கார அணிக்கு வந்து, வரிசையாக ஐந்து கோப்பை வாங்கியிருந்தார். ஆறாவது இறுதியில் அவருக்கு எதிரே வந்து நின்றது சின்னவளின் அணி. அதற்கு மூன்று நாள் முன்பு தலைமைப் பயிற்சியாளர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, இறுதி ஆட்டம் மட்டும் சின்னவளின் பொறுப்பில் வந்தது.

ஆட்டத்தன்று காலையில் தன்னிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது என்பது தொப்பியின் சட்டம். கேட்டவன் தொலைந்தான். அதனால் அவருடைய மேனேஜர் கேட்காமலே, போன ஆட்டத்துப் பட்டியலைப் பார்த்துப் புதிதாக எழுதி நடுவரிடம் நீட்டிவிடுவார். மாற்றம் இருந்தால் தொப்பியே கூப்பிட்டுச் சொல்வார். அன்று தொப்பி சொல்ல மறந்தார், மேனேஜர் கேட்கப் பயந்தார்.

பட்டியல் நடுவரிடம் போகுமுன் ஸ்கோரர்கள் பெயர்களைப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்வது வழக்கம். ஒன்பதாவது பெயரில் பெரியவளின் பேனா நின்றது. தொப்பி அணியின் வேகப்பந்துக்காரி. முதல்நாள் பயிற்சியில் கணுக்கால் பிசகி, இப்போது கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மேசையிலிருந்து பார்த்தாலே கட்டு தெரிந்தது. டாஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் ஓடிப்போய்த் திருத்திவிடுவார், மனிதர் பாவம்தான். பெரியவள் ஒன்பதாவது பெயரைத் தெளிவாக எழுதி, பத்தாவதுக்குப் போனாள்.

டாஸ் முடிந்தது. சின்னவளின் அணி முதலில் ஆடுவது என்று ஆனது. நடுவர் பட்டியலைப் படித்துக் காட்டியதும் தொப்பி மேனேஜரைப் பார்த்த பார்வையில் அந்த ஆள் பாதியானார். பிறகு தொப்பி மைதானத்தைக் கடந்து சின்னவளிடம் வந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவராக அவளிடம் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. பெரியவள் மேசையை விட்டு எழுந்து நின்று பார்த்தாள்.

பெயர் மாறிப்போய்விட்டது, நொண்டும் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விளையாட்டு உணர்வோடு சம்மதியுங்கள் என்று தொப்பி கேட்டார். குரலில் தேன் சொட்டியது.

"கேப்டன்தான் சார் சொல்லணும்," என்றாள் சின்னவள். "அன்னிக்கும் கேப்டனைத்தானே கேட்டீங்க."

பிறகு பக்கத்தில் நின்ற தன் கேப்டனிடம், அவர் காதிலும் விழும்படியே சொன்னாள்: "முடியாதுன்னு சொல்லு. யாராவது காரணம் கேட்டா என் பேரைச் சொல்லு. உன் தலையில போட்டுக்காத."

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. "முடியாது சார்," என்றாள்.

தொப்பியின் அணி பத்துப் பேரோடு ஆடியது. மாற்று ஆள் பந்தைத் தடுக்கலாம், வீசவோ அடிக்கவோ கூடாது. வேகப்பந்துக்காரியின் பத்து ஓவரை யார் யாரோ பகிர்ந்து போட்டு அடி வாங்கினார்கள். சின்னவளின் அணி இருநூற்றுப் பதினான்கு. பதிலுக்குத் தொப்பியின் அணி ஆடியபோது நாலு சுழற்பந்துப் பெண்களும் சேர்ந்து இறுக்கினார்கள். இருநூற்றிரண்டில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. கால் வீங்கியவளுக்குத் தொப்பி பேடு கட்டி வைத்திருந்தார். அவள் எழுந்து இரண்டடி வைத்து, முகம் சுளித்து, திரும்ப உட்கார்ந்துவிட்டாள். பெரியவளுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்து மனம் ஒரு கணம் இளகியது. மறு கணம் அந்தப் பெயருக்கு நேரே, தன் வாழ்நாளில் எழுதிய எழுத்துகளிலேயே அழகான எழுத்தில், "காயம், ஆட வரவில்லை" என்று எழுதினாள். ஆட்டம் அங்கேயே முடிந்தது, பன்னிரண்டு ஓட்டத்தில் கோப்பை சின்னவளின் அணிக்கு.

இது விளையாட்டு தர்மமா என்று மைதானத்தில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். இன்றும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அன்று குனிந்து நடந்தவளைப் பார்த்து அவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கணக்குச் சரிபார்த்து முடித்தபின், இரண்டு அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களும் ஸ்கோர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தொப்பி அவசரமாகக் கிறுக்கிவிட்டுப் புத்தகத்தைத் தள்ளினார்.

"பழி வாங்கிட்டீங்க," என்றார்.

"ஆமா சார்," என்றாள் சின்னவள்.

அவர் ஏதோ மறுப்பை எதிர்பார்த்தவர்போல நின்றார். பிறகு போய்விட்டார். துணைப் பயிற்சியாளருக்குக் கையெழுத்து உரிமை கிடையாது. எட்டு வருடத்தில் நூற்றுப் பதினோரு ஆட்டங்கள், ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. பெரியவள் தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். சின்னவள் இடது கையால், அவசரமில்லாமல், முழுப் பெயரையும் போட்டாள். அதன் கீழே தேதியைப் பெரியவள் எழுதினாள்: 13 மார்ச் 2016, ஞாயிற்றுக்கிழமை.