நெருப்போ தழும்போ

சலத்தில் (சிறுநீரில்) நுரையைக் கண்டபோது நான் கழுவும் தூளைத்தான் சந்தேகப்பட்டேன். முதல் நாள்தான் குளியலறையைத் தேய்த்துக் கழுவியிருந்தேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்ற நுரை போனது. அடுத்த முறை திரும்பி வந்தது.

எனக்குக் கலியாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாவகச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வெயிலில் சைக்கிளில் போய் வந்தால் கன்னம் சிவக்கும். காலையில் விரல்கள் மடங்காது. தலைமயிர் சீப்போடு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்: கன்னத்துக்கு வெயில், விரலுக்குக் கரும்பலகை, தலைமயிருக்குக் கிணற்றுத் தண்ணீர். கால் வீங்கிச் செருப்பு இறுகியபோதுதான் என் காரணங்கள் தீர்ந்துபோயின.

யாழ்ப்பாணத்தில் சிறுநீரக வைத்தியரிடம் போனோம். நானும், கணவர் நிமலனும், எங்களோடு இருக்கும் என் அம்மாவும். வைத்தியர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த பெண். வேகமாகக் கதைப்பவர், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டார்.

"ரீச்சர், உங்களுக்கு லூபஸ். அது சிறுநீரகத்தையும் பிடிச்சிருக்குது. வீட்டு நாய் வீட்டுக்காரரையே கடிக்கிற மாதிரி ஒரு வருத்தம் எண்டு வையுங்கோவன்."

லூபஸ் (நோய்க் கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த உடலையே தாக்கும் நோய்). அந்தத் தாக்குதலில் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் அழற்சியடைந்து ஓட்டையாகின்றன. உடலில் தங்க வேண்டிய புரதம் சலத்தோடு ஒழுகுகிறது. நான் கழுவும் தூள் என்று நினைத்தது என் இரத்தத்தின் புரதம். வகுப்பில் சிறுநீரகத்தின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். என்னுடையதைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

பயொப்ஸி (சிறுநீரகத்தில் ஊசியால் நூலளவு சதை எடுத்து உருப்பெருக்கியில் பார்ப்பது) செய்தார்கள். அழற்சி கடுமையான வகை என்று முடிவு வந்தது. ஸ்டீரொய்ட் (அழற்சியை வேகமாக அடக்கும் மருந்து) முதலில் ஊசியாகவும் பிறகு குளிசையாகவும் தந்தார்கள். அதோடு மைக்கோபெனலேட் (எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மருந்து). அதைக் கொடுக்கும்போது வைத்தியர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தக் குளிசை எடுக்கிற வரைக்கும் பிள்ளை தங்கக் கூடாது. தங்கினால் பிள்ளைக்குக் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. அன்றிலிருந்து எனக்கு இருந்தது ஒரே கேள்விதான். என் சிறுநீரகத்தையும் காப்பாற்றி ஒரு பிள்ளையையும் பெற முடியுமா? மற்றதெல்லாம், கொட்டிய தலைமயிர், ஊதிய முகம், எல்லாம் வந்து போகிற விருந்தாளிகள்.

ஸ்டீரொய்டால் முகம் நன்றாகத்தான் ஊதியது. ஊரில் கண்டவர்கள் சந்தோஷப்பட்டார்கள். "கலியாணம் செய்து பிள்ளை நல்லாத் தேறீட்டுது" என்றார்கள். வயிற்றைப் பார்த்து "விசேஷம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டவர்களும் உண்டு. உண்மை தெரிந்தவர்கள் "பாவம்" என்றார்கள். விசேஷம் கேட்டவர்களையாவது மன்னித்துவிட்டேன். பாவம் சொன்னவர்களோடு இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் முறுகல்தான்.

முழுநாள் சலத்தைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வார்கள். எவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்று அளக்க. பெரிய பிளாஸ்ரிக் போத்தலைக் கலியாணச் சேலை வாங்கிய கடைப் பையில் வைத்து, மினி பஸ்ஸில் மடியில் ஏந்திக்கொண்டு போவேன். ஒருநாள் பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கருப்பணியோ? இப்ப நல்லது எங்கை எடுக்கலாம்?"

பனையிலிருந்து இறக்கிய இனிப்புச் சாறு என்று நினைத்துவிட்டார். நான் வெட்கத்தில் "ஓம் அம்மா, ஊரிலைதான்" என்று சொல்லி யன்னலுக்கு வெளியே பார்த்தேன். இறங்கும்வரை அவர் அந்தப் பையை ஆசையோடு பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் ஆறேழு மாதத்தில் ஒழுக்கு நன்றாகக் குறைந்தது. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. பரீட்சையில் எப்போதும் முதலாம் பிள்ளையாக வந்தவள் நான். நோயிலும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன். அதற்குப் பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், அது மறுபடி ஏறத் தொடங்கியது.

"குளிசையள் ஒழுங்கா எடுக்கிறியளோ ரீச்சர்?"

கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. வெறும் குளிசை மட்டைகளையெல்லாம் பையிலிருந்து மேசையில் கொட்டினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. வைத்தியர் அவற்றைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் அடுத்ததைக் கேட்டார்.

"சரி. வேறை என்ன எடுக்கிறியள்? கசாயம், குளிகை, பவுடர்?"

"ஒண்டும் இல்லை" என்றேன். நான் விஞ்ஞான ஆசிரியை. கசாயத்துக்கும் எனக்கும் வெகுதூரம்.

பக்கத்தில் இருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். அவருடைய முகத்தில் ஒரு நிறைவு. தன் பங்கையும் சொல்ல நேரம் வந்துவிட்டது என்ற நிறைவு.

"டொக்டர், கனடாவிலை இருந்து மச்சாள் அனுப்பின சத்துத் தூள் மட்டும் காலமைக் கஞ்சிக்குள்ளை போட்டுக் குடுக்கிறனான். அது மருந்தில்லைத்தானே."

மச்சாள் என்றது என் மாமியை, அம்மாவின் தமையன் மனைவியை. எனக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டு, சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் அந்தத் தூளையும் பார்சலில் போட்டிருந்தார். நான் படிப்பிப்பும் அலுவலுமாக ஓடுகிறவள் என்று அம்மா என்னிடம் சொல்லாமலே கலந்து தந்திருக்கிறார். கஞ்சியின் மணம் மாறியதை நான் கவனித்தேன். புது உழுந்து என்று நினைத்தேன்.

அடுத்த முறை டப்பாவைக் கொண்டுபோனோம். நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே என்னென்ன மூலிகை என்று சின்ன எழுத்தில்.

"அம்மா," என்றார் வைத்தியர், "கடிக்கிற நாயைக் கட்டி வைக்க நான் மருந்து தாறன். நீங்கள் பின்பக்கத்தாலை அதுக்கு இறைச்சி போடுறியள்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்து வைத்தியரின் குரல் இறங்கியது.

"இதாலைதான் கூடினது எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். லூபஸ் தானாயும் கிளம்பும். ஆனால் லூபஸ்காரருக்கு உந்த மாதிரிச் சாமான் வேண்டாம். அவ்வளவுதான்."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. எங்கள் வீடுகளில் பாசம் பார்சலில்தான் வருகிறது. கனடாவிலிருந்து வந்தது கூடாமல் போகும் என்று யார் நினைப்பார்கள்? மாமிக்கு நானே தொலைபேசி எடுத்தேன். "மாமி, இனி சொக்லேட் மட்டும் போடுங்கோ" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த பார்சலில் இரண்டு மடங்கு சொக்லேட் வந்தது.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல, உங்கள் அடுப்படிக்குப் பொறுப்பானவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தூளை நிறுத்தினார்கள். மூன்றாவது மருந்தாக டக்ரோலிமஸ் (எதிர்ப்புச் சக்தியை இன்னொரு வழியில் அடக்கும் குளிசை) சேர்த்தார்கள். முன்பெல்லாம் ஸ்டீரொய்டை அள்ளிக் கொடுப்பார்களாம். இப்போது வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைச் சேர்த்து, ஸ்டீரொய்டை இயன்றவரை வேகமாகக் குறைப்பதுதான் ஆராய்ச்சிகள் காட்டும் வழி என்று வைத்தியர் சொன்னார். கடிக்கும் பொருள்களை உண்டாக்கும் பி கலங்களை (ஒருவகை வெண்குருதிக் கலங்கள்) மட்டும் குறிபார்க்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. நோயாளியின் சொந்தக் கலங்களையே எடுத்து, மாற்றியமைத்து, திரும்ப ஏற்றிப் பார்க்கும் பரிசோதனைகளும் வெளிநாடுகளில் நடக்கின்றன. எல்லாம் எங்கள் கைக்கு எட்டியவை அல்ல. எட்டாததையும் நான் ஒன்றுவிடாமல் கேட்டேன். என் நோயைப் பற்றி உலகத்தில் இத்தனை பேர் மண்டையை உடைக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு தெம்பு.

ஒழுக்கு மறுபடி இறங்கியது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. அடைத்த குழாயில் சொட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கசிவு மிஞ்சி, மாதக்கணக்காக அப்படியே நின்றது.

"இது நெருப்போ தழும்போ தெரியாது" என்றார் வைத்தியர். உள்ளே அழற்சி இன்னும் கனன்றாலும் இப்படிக் கசியும். அழற்சி ஆறி வடு விழுந்தாலும் இப்படிக் கசியும். சலம் சுத்தமாகத் தெரியும்போதே உள்ளே அழற்சி இருந்த ஆட்களும் உண்டு. ஊசி இல்லாமல், சலத்தில் உள்ள நுண்ணிய பொருள்களை வைத்தே இரண்டையும் பிரித்தறிய ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள். அது இன்னும் எங்களைப் போன்றவர்களின் கையில் வரவில்லை. எனக்கு இருந்தது இரண்டாவது பயொப்ஸி மட்டும்தான்.

நெருப்பு என்றால் மருந்து இன்னும் கடுமையாகும். சூலகத்தையே (கருமுட்டை உண்டாகும் உறுப்பையே) பாதிக்கக்கூடிய மருந்துகூட வரலாம். தழும்பு என்றால் மைக்கோபெனலேட்டை மாற்றிவிட்டுப் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம்.

அம்மா வேண்டாம் என்றார். "ஒருக்காக் குத்தினது காணாதே?" என்றார். நிமலன் கிணற்றடியில் வைத்து மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை இல்லாட்டியும் பரவாயில்லை. நீர் இருந்தாக் காணும்."

"உங்களுக்குப் பரவாயில்லை. எனக்குப் பரவாயிருக்கு" என்றேன். "தெரிஞ்சு அழுறன். தெரியாமல் பயந்துகொண்டு இருக்க ஏலாது."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ரீச்சரோடை கதைச்சு ஆர் வெண்டது" என்றார். பயொப்ஸி அன்று முழுநாளும் வாசலில் நின்றவர் அவர்தான்.

குப்புறக் கிடந்தேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். டக் என்று ஒரு சத்தம், கடதாசி குத்தும் கருவி போல. மிஞ்சும் சதையைப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பாவிக்கலாமா என்று முன்பே கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் உடலில் உதவாமல் போன பகுதி என்று நான் திட்டிக்கொண்டிருந்ததில் ஒரு நூல், இனி யாருக்கோ எதையோ படிப்பிக்கும்.

முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். தூங்கினேன். எழும்பும்போதுதான் பயமாக இருந்தது.

"தழும்புதான் ரீச்சர்" என்றார் வைத்தியர். "நெருப்பு நூந்துபோச்சு."

நான் வைத்தியரின் அறையில், அம்மாவுக்கும் நிமலனுக்கும் முன்னால், வாய்விட்டு அழுதேன். வடு விழுந்த சிறுநீரகத்துக்காக இப்படிச் சந்தோஷப்பட்ட ஆள் யாரும் இருந்திருக்க முடியாது.

மைக்கோபெனலேட்டுக்குப் பதிலாக அசதயோபிரின் (கர்ப்பகாலத்திலும் எடுக்கக்கூடிய மருந்து) வந்தது. நோய் அடங்கியே இருக்கிறதா என்று பல மாதம் பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் ஒருமுறை மருத்துவ மாணவர்களின் பரீட்சைக்கு நோயாளியாக வரமுடியுமா என்று வைத்தியர் கேட்டார். வினாத்தாள் தயாரித்துப் பழகியவள், அன்றைக்கு நானே வினாத்தாளாகக் கட்டிலில் இருந்தேன். என்னைக் கேட்க வந்தது ஒரு மாணவி. மூட்டு, தோல், நுரை எல்லாம் கேட்டாள். போகத் திரும்பியவள் நின்று, "அன்ரி, வேறை ஏதும் தூள், கசாயம் எடுத்தனீங்களோ?" என்றாள். அந்தக் கேள்விக்கு நான் மனதுக்குள் முழுப் புள்ளி போட்டேன்.

போத்தலோடு பஸ்ஸில் போவது மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் வேறொரு அம்மா பையைப் பார்த்து என்னவென்று கேட்டார். "என்ரை சலம் அம்மா. சோதிக்கக் கொண்டுபோறன்" என்றேன். அவர் காலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, தன் மனிசனுக்கும் சிறுநீரகக் கோளாறு என்று கொடிகாமத்தில் முதன்முதலாக மருந்தெடுத்த நாளிலிருந்து கதை சொல்லத் தொடங்கினார். இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார். பாவம் என்று சொல்லவில்லை.

முன்பு என் உடலை நான் ஒரு சைக்கிளைப் போல வைத்திருந்தேன். ஓடும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது விரல் மடங்குகிறதா, கணுக்கால் தெரிகிறதா என்று ஒவ்வொரு காலையும் சுகம் விசாரிக்கிறேன். என் காலமும் மாறிவிட்டது. தவணை, விடுமுறை என்று எண்ணியவள், ஒரு சலப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரைக்கும் மட்டும் எண்ணப் பழகினேன். அதற்கப்பால் பார்ப்பதைப் பேராசை என்று விட்டிருந்தேன்.

இப்போது அதற்கப்பாலும் ஒரு நாள் குறித்துத் தந்திருக்கிறார்கள். பிள்ளை பிறக்கும் நாள், வரும் மாரியில்.

லூபஸ்காரிக்குக் கர்ப்பம் இலகுவல்ல. எந்தக் கிழமையிலும் நோய் கிளம்பலாம், இரத்த அழுத்தம் ஏறலாம். அதனால் யாழ்ப்பாணத்து வைத்தியரிடமும் போகிறேன், ஊர்க் கிளினிக்குக்கும் தவறாமல் போகிறேன். போன கிழமை கிளினிக்கில் குடும்பநல மிஸ் (ஊர் மருத்துவிச்சி) எல்லாருக்கும் சின்னப் போத்தல் கொடுத்தார். மற்றப் பெண்கள் சலத்தை எடுத்துச் சோலுக்குள் (துப்பட்டாவுக்குள்) மறைத்துக்கொண்டு வந்தார்கள். நான் கையில் பிடித்துக்கொண்டு, வாங்குகளில் இருந்தவர்களுக்கு நடுவால் நேரே நடந்து வந்தேன்.

மிஸ் அதற்குள் புரதம் பார்க்கும் பட்டியைத் தோய்த்தார். நிறம் மாறும்வரை நான் மூச்சு விடவில்லை. அதே பழைய சின்னக் கசிவு. ஒரு சொட்டும் கூடவில்லை.

"ரீச்சர், உதை மறைச்சுக்கொண்டு வந்திருக்கலாமே" என்றார் மிஸ். "எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும் மிஸ்" என்றேன். "நுரை இல்லைத்தானே."